பட்டறைப் பக்கம்: லோ கியர் போட்டால் வண்டி கெட்டுப்போகுமா?

போன இதழில் டீசல் என்ஜின் புகையைப் பற்றி எழுதியதற்கு நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. அவற்றுக்கு அடுத்த இதழில் பதில் சொல்கிறேன். இந்த முறை கொல்லிமலையிலிருந்து ஒரு வாசகி எழுதிய கடிதம் முந்திக்கொண்டது. பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். கடிதத்தை அப்படியே தருகிறேன்.

"ஐயா, எங்களுக்கு மூன்று ஏக்கர். மிளகு, காபி, கொஞ்சம் வாழை, ஓரத்தில் பலா. தோட்டம் மேலே, தார் ரோடு கீழே. நடுவில் ஒன்றரை கிலோமீட்டர் மண் பாதை, நல்ல சரிவு. மூன்று வருடத்துக்கு முன் கடன் வாங்கி, பழைய ஃபோர் வீல் பிக்கப் ஒன்று எடுத்தோம். மகன்தான் ஓட்டுகிறான். எரு ஏற்றிக்கொண்டு மேலே வரும்போது கிளட்ச் கருகி, ஒரே வருடத்தில் இரண்டு தடவை பிளேட் மாற்றியாகிவிட்டது. அது பணத்தோடு போகட்டும். ஆனி மாதத்தில் பெய்த மழையில், பலா ஏற்றிக்கொண்டு இறங்கும்போது பிரேக் கருகல் வாடை வந்து, அப்புறம் பிடிக்கவே இல்லை. ஒரு சில்வர் ஓக் மரத்தில் மோதி நின்றோம். முன் சீட்டில் நான், என் மடியில் பேத்தி. பின்னால் காய் மேல் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். யாருக்கும் பெரிய அடி இல்லை. வண்டியில் கியர் கம்பிக்குப் பக்கத்தில் இன்னொரு சின்னக் கம்பி இருக்கிறது. அதை ஏன் போடக்கூடாது என்று மகனிடம் கேட்டால், 'விற்றவர் தொடவே வேண்டாம் என்று சொன்னார், லோ போட்டால் கியர் பாக்ஸ் உடைந்துவிடும், டீசலும் குடிக்கும்' என்கிறான். வாங்கியதிலிருந்து அதைத் தொட்டதில்லை. நான் சொன்னால் கேட்கமாட்டான். உங்கள் பக்கத்தை விடாமல் படிப்பான். நீங்கள் சொல்லுங்கள்."

அம்மா, உங்களுக்குப் பதில் ஒரே வரி: போடலாம், அந்த மண் பாதையில் போட்டே ஆக வேண்டும். மீதிப் பக்கம் முழுவதும் உங்கள் மகனுக்கு.

தம்பி, விற்றவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. அதனால்தான் அது ஆபத்து. போடக்கூடாத இடத்தில் போட்டால் அந்தக் கம்பி பல்லை உடைக்கும். போட வேண்டிய இடத்தில் போடாவிட்டால் மரத்தில் கொண்டுபோய் நிறுத்தும். உங்களுக்கு இரண்டாவது நடந்திருக்கிறது.

உங்கள் ஊரில் யாரிடமாவது டிராக்டர் இருந்தால் போய்ப் பாருங்கள். எட்டு முன் கியர், இரண்டு ரிவர்ஸ் என்பார்கள். பெட்டிக்குள் எட்டு ஜோடிப் பல் சக்கரம் கிடையாது. நாலு கியர், அதோடு ஹை, லோ என்று ஒரு தனி லீவர். நாலும் நாலும் எட்டு. கலப்பை போட்டு ஆழ உழும்போது லோ, டிரெய்லர் மாட்டி ரோட்டில் போகும்போது ஹை. லோ போட்டதால் டிராக்டர் கெட்டது என்று எந்த விவசாயியும் சொல்லி நான் கேட்டதில்லை. உங்கள் பிக்கப்பில் இருக்கும் சின்னக் கம்பியும் அதே வேலையைத்தான் செய்கிறது. கியர் பாக்ஸுக்குப் பின்னால் இன்னொரு சின்னப் பெட்டி இருக்கும். டிரான்ஸ்ஃபர் கேஸ் என்பது அதுதான். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுப்பது ஒரு வேலை, இன்னொரு தடவை வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டுவது இரண்டாவது வேலை. 1940-களில் வந்த வில்லிஸ் ஜீப்பில் இதற்கு இரண்டு தனிக் குச்சிகள் இருந்தன. பெரிய கியரோடு சேர்த்து மூன்று. பிறகு வந்த வண்டிகளில் இரண்டையும் ஒரே கம்பியில் சேர்த்துவிட்டார்கள். இப்போது வருகிற புது வண்டிகள் பலவற்றில் கம்பியும் இல்லை, திருகுகிற பொத்தான்தான்.

கம்பியின் தலையில் பார்த்தால் டூ ஹை, ஃபோர் ஹை, நியூட்ரல், ஃபோர் லோ என்ற வரிசை இருக்கும். டூ ஹை என்றால் பின் சக்கரம் மட்டும் தள்ளும், சாதாரண வண்டி. ஃபோர் ஹை என்றால் நாலு சக்கரமும் இழுக்கும், வேகம் அதே வேகம். ஃபோர் லோ என்றால் நாலும் இழுக்கும், வேகம் ஏறக்குறைய இரண்டரை பங்கு குறையும், இழுவை அதே இரண்டரை பங்கு கூடும். வண்டிக்கு வண்டி இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும்.

எண்ணில் போட்டுப் பார்ப்போம். ஃபர்ஸ்ட் கியரில் 4 மடங்கு, பின் ஹவுசிங்கில் 4 மடங்கு குறைகிறது என்று வையுங்கள். என்ஜின் 16 சுற்றினால் சக்கரம் 1 சுற்று. டயர் ஒரு சுற்றுக்கு 2.2 மீட்டர் உருளும். என்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்றும்போது வண்டி மணிக்கு 16 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே போகும். அதே ஃபர்ஸ்ட் கியர் லோவில் 16 அல்ல, 40 சுற்றுக்கு ஒரு சுற்று. வேகம் மணிக்கு 6.6 கிலோமீட்டர். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால், 800 சுற்றில் ஐட்லிங் ஓடும்போது, மணிக்கு 2.6 கிலோமீட்டர். தலையில் புல்லுக்கட்டு வைத்துக்கொண்டு நடக்கிறவர்கூட உங்களை முந்திப் போவார்.

கிளட்ச் ஏன் கருகியது என்பது இப்போது புரிந்திருக்கும். எரு ஏற்றிய வண்டி, செங்குத்தான ஏற்றம், கல்லும் பள்ளமும். அந்த இடத்தில் மணிக்கு 16 கிலோமீட்டரில் போக முடியாது. போனால் தலை கூரையில் முட்டும். 5 கிலோமீட்டரில்தான் போக முடியும். ஹையில் அந்த வேகத்துக்குக் கியரே கிடையாது. அதனால் என்ன செய்தீர்கள்? கிளட்சைப் பாதி மிதித்து, பாதி விட்டு, ஆக்ஸிலேட்டரை ஏற்றி, பிளேட்டைத் தேய்த்துத் தேய்த்து மேலே கொண்டுபோனீர்கள். லோ செய்ய வேண்டிய வேலையைக் கிளட்ச் பிளேட் செய்தது. லோவில் போட்டால் கிளட்சை முழுதாக விட்டுவிட்டுக் காலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். டீசல் விஷயமும் அப்படித்தான். கொஞ்சம் கூடக் குடிக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஒன்றரை கிலோமீட்டருக்கு எவ்வளவு கூடக் குடித்துவிடும்? இரண்டு கிளட்ச் பிளேட் விலையில் எத்தனை லிட்டர் டீசல் வரும் என்று அம்மாவிடம் கேளுங்கள், கணக்கு அவரிடம் இருக்கும்.

ஏற்றத்தில் தவறினால் பணம் போகும். இறக்கம் அப்படி இல்லை.

பிரேக் என்பது லைனிங்கை டிரம்மில் தேய்த்து வேகத்தைச் சூடாக மாற்றுகிற ஏற்பாடு. நூறு மீட்டர் பிடித்தால் சூடு ஆறிவிடும். ஒன்றரை கிலோமீட்டர் விடாமல் பிடித்தால் ஆற நேரமே இல்லை. லைனிங் சூடேறி வழுக்க ஆரம்பிக்கும், கருகல் வாடை வரும். இன்னும் சூடேறினால் பிரேக் ஆயிலே கொதித்துக் குமிழி விடும். அப்போது பெடல் பஞ்சு மாதிரி தரைவரை போகும், வண்டி நிற்காது. உங்களுக்கு நடந்தது இதுதான். லோ ஃபர்ஸ்டில் இறங்கினால், என்ஜினே வண்டியைப் பின்னால் இழுத்துப் பிடிக்கும். சக்கரம் ஒரு சுற்று சுற்ற வேண்டுமென்றால் என்ஜினை 40 தடவை சுற்ற வைக்க வேண்டும். அவ்வளவு எளிதில் சுற்ற விடாது. பிரேக்கை அவ்வப்போது தொட்டால் போதும்.

ஆனால் லோவில் இறங்கும்போது ஒரு காரியம் செய்யவே கூடாது. அதைச் சொல்ல என் கதையையே சொல்ல வேண்டியிருக்கிறது.

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடிப் பக்கம் ஒரு காபித் தோட்டத்தில் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தேன். நன்றாக ஓட்டுகிறவன் என்று எல்லோரும் சொல்ல, நானும் நம்பிக்கொண்டிருந்த வயது. ஒரு நாள் சாயங்காலம் டிரெய்லரில் மூட்டை, ஜீப்பில் ஆள். மழைத் தூறல். மேலே சமதளத்திலேயே லோ ஃபர்ஸ்ட் போட்டுத்தான் இறங்க ஆரம்பித்தேன். அதுவரை சரி. பாதி இறக்கத்தில் பொறுமை போய்விட்டது. வண்டி எறும்பு மாதிரி ஊர்கிறது, இருட்டிக்கொண்டு வருகிறது, கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று பின்னால் இருப்பவர்கள் சொல்கிறார்கள். செகண்ட் போட்டுவிடலாம் என்று கிளட்சை மிதித்தேன்.

மிதித்த அந்த நொடியில் வண்டியைப் பிடித்துக்கொண்டிருந்த என்ஜின் விட்டுவிட்டது. ஒரு மூச்சு விடுகிற நேரத்தில் வேகம் இரண்டு மூன்று பங்கு ஏறிவிட்டது. செகண்ட் விழவில்லை, பல் கிர்ரென்று கத்துகிறது. திரும்ப ஃபர்ஸ்டும் விழவில்லை. பிரேக்கை மிதித்தேன், ஈரமான செம்மண்ணில் சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்கியது, டிரெய்லர் பக்கவாட்டில் வந்து தள்ளியது. இடது பக்கம் பள்ளம். வலது பக்கம் மண் மேடு. மேட்டில் ஏற்றினேன். வண்டி சாய்ந்தது. மூட்டைக்கடியில் ஒருவருடைய கால் மாட்டிக்கொண்டது. முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிவு. ஏழு மாதம் படுக்கையில் இருந்தார். பிறகு மரம் ஏறுகிற வேலைக்கு அவர் போகவே இல்லை. மிளகுக் கொடி ஏறிப் பறிப்பதில் அந்தத் தோட்டத்தில் அவருக்கு ஈடு கிடையாது. என்னை ஒரு வார்த்தை கடிந்து சொன்னதில்லை. வருடா வருடம் பொங்கலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன், ஒரு காலைச் சாய்த்துக்கொண்டே வாசல்வரை வந்து வழியனுப்புவார்.

அதனால் தம்பி, லோவில் இறங்கும்போது இடது கால் கிளட்ச் பக்கமே போகக்கூடாது. செருப்பைக் கழற்றிச் சீட்டுக்கடியில் போட்டுவிட்டுக் காலை மடக்கி வைத்துக்கொள்ளுங்கள். எந்த கியரில் இறங்க ஆரம்பித்தீர்களோ அதே கியரில் கீழே சமதளம் வரும்வரை. இன்னொரு கணக்கும் உண்டு. லோ ஃபர்ஸ்ட் போட்டபடியே கிளட்சை மிதித்துக்கொண்டு வண்டி 40 கிலோமீட்டர் வேகத்தில் உருண்டால், உள்ளே பிளேட் நிமிடத்துக்கு 12,000 சுற்று சுற்றும். அந்தச் சுற்றுக்கு அது செய்யப்பட்டதல்ல, தெறித்துவிடும். 'லோ போட்டால் உடையும்' என்று விற்றவர் சொன்னது இப்படி ஏதாவது பார்த்துவிட்டுச் சொன்னதாகவும் இருக்கலாம்.

இறக்கத்தில் ஈர மண்ணில் சக்கரம் சறுக்க ஆரம்பித்தால் கால் தானாகப் பிரேக்குக்குப் போகும். போகக்கூடாது. பூட்டிய சக்கரத்துக்கு ஸ்டியரிங் கட்டுப்படாது. பிரேக்கை விட்டுவிட்டு ஆக்ஸிலேட்டரை மெல்லத் தொடுங்கள். சக்கரம் உருள ஆரம்பித்ததும் பிடிப்பு வரும், பிறகு காலை எடுக்கலாம். இறங்குகிற இடத்தில் ஆக்ஸிலேட்டரா என்று தோன்றும். வெறும் வண்டியில், சின்னச் சரிவில், பள்ளம் இல்லாத இடத்தில் நாலு தடவை செய்து பார்த்தால் கால் பழகிவிடும்.

இனி எப்படிப் போடுவது. வண்டியைச் சமமான இடத்தில் முழுதாக நிறுத்துங்கள். கால் பிரேக், ஹேண்ட் பிரேக் இரண்டும் பிடித்திருக்கட்டும். கிளட்சை மிதித்து, பெரிய கியரை நியூட்ரலில் வைத்து, சின்னக் கம்பியை ஃபோர் ஹையிலிருந்து ஃபோர் லோவுக்கு ஒரே அழுத்தாகக் கொண்டுபோங்கள். விழவில்லை என்றால் வண்டியை ஓர் அடி முன்னே பின்னே நகர்த்திவிட்டு மறுபடி போடுங்கள். சரிவில் நின்றுகொண்டு இந்த வேலையைச் செய்யாதீர்கள். காரணம், ஹைக்கும் லோவுக்கும் நடுவில் அந்த நியூட்ரல் இருக்கிறது. சின்னக் கம்பி அதில் நின்றுவிட்டால், பெரிய கியர் ஃபர்ஸ்டில் இருந்தாலும் சக்கரத்துக்கும் என்ஜினுக்கும் தொடர்பே இருக்காது. 'கியர் போட்டுத்தானே நிறுத்தினேன், எப்படி உருண்டது' என்று கேட்டுக்கொண்டு என் பட்டறைக்கு வந்தவர்கள் உண்டு. பொத்தான் வைத்த வண்டியில், விளக்கு மினுக்கி நின்று நிலையாக எரியும்வரை நகரக்கூடாது.

பழைய வண்டிகளில் முன் சக்கர ஹப்பைக் கையால் திருகிப் பூட்ட வேண்டியிருக்கும். அதைப் பூட்டாமல் லோ போட்டால், முன் சக்கரத்துக்குப் போக வேண்டிய இழுவையும் சேர்ந்து பின் ஆக்ஸில் மேலேயே விழும். பாரத்தோடு ஏற்றத்தில் ஆக்ஸில் முறிவது பெரும்பாலும் இப்படித்தான். முதலில் இறங்கி ஹப்பைப் பாருங்கள்.

எங்கே போடக்கூடாது? காய்ந்த தார் ரோட்டிலும் சிமென்ட் ரோட்டிலும் லோ மட்டுமல்ல, ஃபோர் ஹைகூட வேண்டாம். திரும்பும்போது முன் சக்கரம் பெரிய வட்டம் போடும், பின் சக்கரம் சின்ன வட்டம் போடும். ஃபோர் வீலில் இரண்டையும் ஒரே கணக்கில் கட்டிவைத்திருக்கிறோம். மண்ணில் என்றால் டயர் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிசெய்துகொள்ளும். தாரில் வழுக்காது. ஷாஃப்டும் பல்லும் முறுக்கிக்கொண்டே போகும், ஸ்டியரிங் கல்லாகும், கம்பி மாட்டிக்கொண்டு வெளியே வராது. அப்படி மாட்டினால் சுத்தியல் எடுக்காதீர்கள். ஸ்டியரிங்கை நேராக வைத்துப் பத்தடி ரிவர்ஸ் வாருங்கள், முறுக்கு விட்டுக் கம்பி தானாக வரும். நாலு டயரும் ஒரே அளவாக, ஏறக்குறைய ஒரே தேய்மானமாக இருக்க வேண்டும் என்று சொல்வதும் இதற்காகத்தான். முன்னால் புது டயர், பின்னால் மொட்டை டயர் போட்டு ஃபோர் வீலில் ஓட்டினால் நேர் ரோட்டிலேயே முறுக்கும்.

இதனால் உங்களுக்கு ஒரு முக்கியமான வித்தியாசம் வருகிறது. தோட்டத்திலிருந்து தார் ரோடு வரை ஃபோர் லோ. தார் ரோடு வந்ததும் நிறுத்தி, டூ ஹைக்கு மாற்றிவிட வேண்டும். அங்கிருந்து காரவள்ளிக்கு இறங்கும் 70 கொண்டை ஊசி வளைவுகளில் உங்களைக் காப்பாற்றப்போவது லோ அல்ல, சாதாரண செகண்ட் கியர்தான். எந்த கியரில் ஏறுவீர்களோ அந்த கியரில் இறங்குங்கள் என்று பழைய டிரைவர்கள் சொல்வது பாரம் ஏற்றிய வண்டிக்கு இன்றும் பொருந்தும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறவர்களைப் பார்க்கிறேன். அதைவிட மோசம், என்ஜினையே அணைத்துவிட்டு இறங்குவது. என்ஜின் நின்றால் பிரேக்குக்கு இருக்கும் வேக்கம் உதவி ஒன்றிரண்டு மிதியில் தீர்ந்துவிடும், பவர் ஸ்டியரிங்கும் போய்விடும். பிரேக் வாடை வந்தால் ஓரமாக நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, அரை மணி நேரம் ஆற விடுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம், சூட்டில் டிரம் விரிசல் விடும்.

ஏற்றத்தில் என்ஜின் நின்றுபோனால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். எல்லோருக்கும் நடப்பதுதான். கால் பிரேக்கை விடாமல் பிடியுங்கள், ஹேண்ட் பிரேக்கையும் இழுங்கள். என்ஜினை ஸ்டார்ட் செய்து, லோ ரிவர்ஸ் போட்டு, கிளட்சை முழுதாக விட்டபின் பிரேக்கைத் தளர்த்தி, வந்த வழியே நேராகப் பின்னால் இறங்குங்கள். அங்கேயே ஒடித்துத் திருப்பிவிடலாம் என்று நினைக்காதீர்கள். சரிவுக்குக் குறுக்கே நின்ற வண்டிதான் கவிழும். நம்மூர் மலைகளில் ஒரு பழக்கம் உண்டு: ஏற்றத்தில் ஒரு பையன் கட்டையோ கல்லோ எடுத்துக்கொண்டு வண்டிக்குப் பின்னால் நடந்து வருவான், நின்றால் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க. கட்டை நல்லதுதான், அந்தப் பையன் நிற்கிற இடம்தான் கெட்டது. சக்கரத்துக்கு நேர் பின்னால் நிற்கவே கூடாது. பக்கவாட்டில், மேட்டுப் பக்கமாக நின்று, நீளமான கம்பில் கட்டிய கட்டையைத் தள்ளி வைக்கட்டும்.

பலாக்காய் பற்றியும் ஒன்று. அது உருளுகிற சரக்கு. இறக்கத்தில் மொத்தமும் முன்னே வந்து மோதும், வளைவில் ஒரு பக்கமாகப் போய் விழும். சாக்குப் போட்டு, வரிசை வரிசையாக அடுக்கி, கேபினை ஒட்டித் தொடங்கிக் கயிறு போட்டுக் கட்டுங்கள். அதன் மேல் ஆள் உட்காரக்கூடாது. சரக்கு வண்டியில் பின்னால் ஆள் ஏற்றுவது சட்டப்படி தப்பு, இன்சூரன்ஸ்காரர்களும் விபத்து என்று வந்தால் அதைத்தான் முதலில் கேட்பார்கள். அதையெல்லாம் விடுங்கள். அந்த ஒன்றரை கிலோமீட்டரை அம்மாவும் பேத்தியும் வேலையாட்களும் இறங்கி நடக்கட்டும். லோவில் நீங்கள் போகிற வேகத்துக்கு அவர்கள்தான் முதலில் கீழே போய்ச் சேருவார்கள்.

மூன்று வருடமாகத் தொடாத கம்பி இன்று உடனே விழும் என்று நம்ப வேண்டாம். துருப்பிடித்து இறுகியிருக்கும். முதலில் ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்து டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயில், முன் ஹவுசிங் ஆயில் இரண்டையும் மாற்றச் சொல்லுங்கள். எந்த ஆயில் என்பதை வண்டியின் புத்தகத்தைப் பார்த்துத்தான் ஊற்ற வேண்டும். சில பெட்டிகளுக்குக் கியர் ஆயில், சிலவற்றுக்கு மெல்லிய ஆயில், மாற்றி ஊற்றினால் வம்பு. வெளியே வடிந்த ஆயில் பால் கலந்த காபி மாதிரி இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது என்று அர்த்தம். ஓடையில் இறக்கிக் கழுவுகிற வண்டிகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன். முன் ஷாஃப்ட் கிராஸுக்குக் கிரீஸ் அடிக்கச் சொல்லுங்கள். அதன் பிறகு மழையோ வெயிலோ, மாதம் ஒரு தடவை மண் பாதையில் ஒன்றிரண்டு கிலோமீட்டர் ஃபோர் வீலில் ஓட்டுங்கள், உள்ளே ஆயில் சுற்றிக்கொண்டிருக்கும், கம்பியும் இறுகாது. மரத்தில் மோதிய வண்டி என்பதால், பிரேக் லைனிங், டிரம், பிரேக் ஆயில் மூன்றையும் பார்க்காமல் பாரம் ஏற்ற வேண்டாம். ஒரு தடவை கொதித்த பிரேக் ஆயிலை மாற்றித்தான் ஆக வேண்டும்.

கம்பி விழுந்ததா, முதல் தடவை லோவில் இறங்கியபோது எப்படி இருந்தது என்று ஒரு கார்டு போடுங்கள், தம்பி. அம்மாவையே எழுதச் சொன்னாலும் சரி.

இடம் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, சின்னக் கேள்விகள் இரண்டு.

சேற்றில் மாட்டினால் ஃபோர் லோ போட்டு நன்றாக ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் வெளியே வந்துவிடுமா? (கூடலூர் வாசகர்)

வராது. குழிதான் ஆழமாகும். ஃபோர் வீல் என்றாலும், முன்னால் ஒரு சக்கரமும் பின்னால் ஒரு சக்கரமும் பிடிப்பில்லாமல் சுற்றினால் இழுவை எல்லாம் அந்தச் சுற்றுகிற சக்கரத்துக்கே போய்விடும், மற்ற இரண்டும் சும்மா நிற்கும். சக்கரம் ஒரு சுற்று வெறுமனே சுற்றியதும் காலை எடுங்கள். இறங்கி, டயருக்கு முன்னால் சேற்றை வெட்டிச் சரிவாக்குங்கள், தென்னை மட்டை, கல், சாக்கு எது கிடைக்கிறதோ அதைப் போடுங்கள். பாரம் இல்லாத வண்டி என்றால் லோவில் ஃபர்ஸ்டுக்குப் பதில் செகண்ட் போட்டு மெல்ல நகர்த்துங்கள், சக்கரம் வெறுமனே சுற்றுவது குறையும். சேற்றுக்குள் போவதற்கு முன்பே போட்டுக்கொண்டு போவதுதான் முறை. மாட்டிய பிறகு போடுகிறவர்கள்தான் அதிகம்.

பழைய ஃபோர் வீல் வண்டி வாங்கப் போகிறேன். ஃபோர் வீல் வேலை செய்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? விளக்கு எரிகிறது. (தாளவாடி வாசகர்)

விளக்கு எரிவது விளக்கு எரிகிறது என்பதற்குத்தான் சாட்சி. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, ஹப்பைப் பூட்டி, ஃபோர் லோ போட்டு, பெரிய கியரை ஃபர்ஸ்டில் விட்டு, என்ஜினை அணையுங்கள். முன் சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள். கொஞ்சம் ஆடி அதற்கு மேல் சுற்றாமல் நின்றால் முன் சக்கரத்துக்கு இணைப்பு போகிறது. தாராளமாகச் சுற்றினால் உள்ளே எங்கோ விட்டிருக்கிறது. ஹப் தானாகப் பூட்டிக்கொள்கிற வண்டிகளில் இந்தச் சோதனை சரிவராது. அதற்கு, சரளை மண்ணில் ஃபோர் லோ போட்டு ஐட்லிங்கில் முழு வளைவு திருப்பிப் பாருங்கள். ஸ்டியரிங் கனத்து, வண்டி தயங்கித் தயங்கிப் போனால் முன்னால் இழுக்கிறது. டூ ஹையில் போகிற மாதிரியே லேசாகத் திரும்பினால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், இல்லையென்றால் வேறு வண்டி பாருங்கள். சோதனை ஓட்டத்துக்குத் தார் ரோட்டிலேயே போகலாம் என்று விற்பவர் வற்புறுத்தினால், அப்போதும் வேறு வண்டிதான்.